மூன்றாவது படத்தில் இருந்த தலை

யாராவது ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று விண்ணப்பம் போட்டால், அது நிஜமாகவே புதிதுதானா என்று உலகம் முழுக்கத் தேடிப் பார்த்துச் சொல்வது என் வேலை. காப்புரிமைப் பரிசோதகர் என்று பெயர். பெரும்பாலும் புதிதாக இருக்காது. "ஒருத்தர் ஆசயா கண்டுபிடிச்சிட்டு வந்து நிக்கிறப்ப, இது உங்களுக்கு முன்னாடியே இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அவள் அண்ணனுக்கே எங்கள் அலுவலகம் அப்படிச் சொல்ல வேண்டிவந்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுவதில்லை.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். அதனால் மோட்டார் வைத்தது, சுழல்வது, மடங்குவது, வெட்டுவது எல்லாம் என் மேசைக்கோ பக்கத்து மேசைகளுக்கோ வரும். ஒரு நாள் காலையில் வந்தது முடிவெட்டும் மெஷின்.

எனக்கு ஒரு பழக்கம். எழுத்தை விட்டுவிட்டு முதலில் படங்களைப் பார்ப்பேன். எழுத்தில் வழக்கறிஞரின் கை இருக்கும். படத்தில்தான் பொருள் இருக்கும். முதல் படத்தில் மெஷின். இரண்டாவதில் அதன் வயிறு: மோட்டார், பல்சக்கரம், பேட்டரி. மூன்றாவதில், அதை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்காக, பின்பக்கத்திலிருந்து ஓர் ஆணின் தலை. மெஷின் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது. வரைந்தவர் கெட்டிக்காரர். ஏதோ புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடு விடாமல் வரைந்திருந்தார். வலது காது சற்று வெளியே தள்ளியிருந்தது. உச்சியில் இரட்டைச் சுழி.

இரட்டைச் சுழி உள்ளவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள். எங்கள் நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதனால் என் தலையின் பின்பக்கத்தை நான் கண்ணாடியில் பலமுறை பார்த்தவன். கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. முதல் பக்கத்துக்குத் திரும்பிக் கண்டுபிடிப்பாளரின் பெயரைப் பார்த்தேன். என் மனைவியின் அண்ணன்.

மச்சான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பத்தாவது மாடிக்கு ஏறி இறங்கிவிடலாம், அவர் நிறுத்த மாட்டார். கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்தியபோது அவரும் அண்ணியும் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஜாலான் புசார் பக்கத்திலிருக்கும் அவர்கள் வீட்டில் அப்போதுதான் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கிட் பிரேக்கர் என்ற பெயரில் ஊரடங்கை அறிவித்ததும் கொத்தனார்கள் போய்விட்டார்கள். அடுப்பில்லாத வீட்டில் எப்படி இருப்பது? சில வாரங்களுக்கென்று பெட்டியோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் இருக்க வேண்டியதாயிற்று.

சலூன்களையும் மூடிவிட்டார்கள். எனக்கு முடி காதை மூடி, கழுத்தில் இறங்கி, அலுவலக வீடியோ சந்திப்புகளில் மேலதிகாரி என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கிவிட்டுப் பேசும் நிலைக்கு வந்திருந்தது. மச்சான் என் பழைய கிளிப்பரைப் பிரித்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஜாலான் புசாரில் அவருக்குத் தெரிந்த ஹார்ட்வேர் கடைக்காரர் போனில் சொன்னால் எதையும் அனுப்பிவைப்பார். பொம்மைக் காரில் வைக்கும் அளவுக்கு ஒரு குட்டி மோட்டார் வந்தது. நாங்கள் கொஞ்ச காலம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வேலை முடிந்ததும் என்னை ஹாலில் ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றி மனைவியின் பழைய துப்பட்டாவைக் கட்டினார். மனைவி போனில் படம் பிடித்தாள். குடும்ப வாட்ஸப்புக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, தல ஒரு பில்டிங்னு வச்சுக்கங்க," என்று மச்சான் போனைப் பார்த்துச் சொன்னார். "பிடரி கிரவுண்ட் ஃபுளோர். உச்சி மொட்டமாடி. இந்தச் சின்ன வீல் தலையில உருளுது பாருங்க, இது உருள உருள உள்ள இருக்குற குட்டி மோட்டார் சீப்ப வெளிய தள்ளும். கீழ ஒட்ட வெட்டும், மேல போகப் போக முடிய விட்டுட்டு வெட்டும். கை பழகவே தேவயில்ல. ஆட்டோமேட்டிக் லா."

ஏறத்தான் செய்தது. லிஃப்ட் மாதிரி நிதானமாக, ஒரே சீராக ஏறியது. பக்கவாட்டில் வந்தபோதுதான் அதற்கு வழி தெரியவில்லை.

"மச்சான், காது! காது!"

காயம் பெரிதில்லை. ஆனால் ரத்தம் காதில் வந்தால் அதிகமாகத் தெரியும். அண்ணி மஞ்சள்பொடியோடு ஓடி வந்தார். மச்சான் என் காதைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லிஃப்ட் கதவுல கை வச்சா தொறக்குதுல்ல," என்று முணுமுணுத்தார். "அது இதுல இல்ல." முடிவெட்டு நன்றாகவே அமைந்திருந்தது. ஊர் திறந்தது, சுவர் வேலை மிச்சமிருந்தாலும் அடுப்பு வந்துவிட்டதென்று அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள், நான் தேக்காவில் வழக்கமான சலூனுக்குப் போனேன். அந்த மெஷினை மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை என்று இப்போது என் திரையில் தெரிந்தது. அவருடைய வழக்கறிஞர், விண்ணப்பம் வெளிவரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதை மச்சான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து, இந்தக் குடும்பத்தில் காப்புரிமை என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆளிடமிருந்து அதை மறைத்துவிட்டார்.

நான் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. மேலதிகாரியிடம் போய், இதை நான் பார்க்க முடியாது, என் மனைவியின் அண்ணன் என்றேன். அவர் தலையசைத்து அப்போதே கோப்பை வேறொருவருக்கு மாற்றினார். மூன்றாவது படத்தில் இருப்பது என் தலை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதற்கு விதிமுறையில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

கோப்பு போய்ச் சேர்ந்தது எனக்குப் பின்வரிசையில் உட்காரும் சகஊழியரிடம். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். ஆங்கிலத்தில்தான் பேசுவார்; தமிழ் அம்மாவிடம் மட்டும். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்த இரண்டே பேரில் நான் ஒருவன், அவர் இன்னொருவர். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு மச்சான் வீட்டில் விருந்து. புதுச் சமையலறையை எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார்கள். சுவரில் வெளிர்பச்சை டைல்ஸ். அதைத் தேர்ந்தெடுக்க அண்ணிக்கு வெகுகாலம் பிடித்ததாம். முதலில் ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு வேறு ஒட்டினார்களாம். ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மச்சான் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாப்ள, சும்மா பொதுவா ஒரு சந்தேகம்."

"கேளுங்க மச்சான்."

"எங்க கம்பெனில மலாய்க்காரர் ஒருத்தர். அவரு ஏதோ ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காரு. என்னன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. அவருக்கு எப்ப பதில் வரும்?"

வாயிலிருந்த முறுக்கை மெல்வதா நிறுத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. "அத அவரு வக்கீலத்தான் கேக்கணும்."

"சரி, அவரோட சொந்தக்காரர் ஒருத்தர் உங்க ஆபீஸ்ல இருந்தா?"

"சொந்தக்காரங்ககிட்ட அந்த ஃபைல் போகாது மச்சான். போனாலும் திருப்பிக் குடுத்துடணும்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்கு உங்க ஆபீஸ்ல ஏது சொந்தம், சும்மா கேட்டேன்," என்று சொல்லி எனக்கு இன்னொரு முறுக்கு எடுத்து வைத்தார். அவர் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பதை நான் அவரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சட்டப்படிதான் நடந்துகொண்டோம்.

அதன்பின் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், அலுவலகத்தில் என் பிடரியில் யாரோ பார்ப்பது போன்ற உணர்ச்சி. இப்படியெல்லாம் உணர முடியுமா என்று கேட்கலாம். எனக்கு உணர முடிந்தது. திரும்பினேன். பின்வரிசைச் சகஊழியர் காதில் இயர்போனோடு தன் திரையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கண்கள் சந்தித்ததும் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் எடுக்க எழுந்து போய்விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏர்கான் காற்று நேராக அடிக்கிறது என்று சொல்லி ஜன்னலோரத்துக்கு இடம் மாறிக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் முன்னறிவிப்பில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அச்செடுத்த தாள்கள். மனைவி தேநீர் போட்டு வைத்தாள். அவர் தொடவில்லை.

"மாப்ள, உங்க ஆபீஸ்ல என்னயக் கவுத்துட்டாங்க."

"மச்சான், நான் இதப் பத்திப் பேசக் கூடாது."

"அப்ப உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

நான் தேநீரைப் பார்த்தேன்.

"தீபாவளிக்கு எங்க வீட்டுல கறி சாப்டீங்களே, அப்பவே தெரியுமா?"

"ஃபைல் என்கிட்டத்தான் மொதல்ல வந்துச்சு மச்சான். சொந்தம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"திருப்பிக் குடுத்தீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "வீட்டு மாப்ளன்னு ஒருத்தர் இருக்காரு, தேடி வந்த ஃபைல திருப்பிக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்காரு!"

"என்னண்ணே, என்ன ஃபைல்?" என்றாள் மனைவி. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கும் அனுமதி இல்லை, அவருக்கும் இல்லை. இப்போது அவரே எல்லாவற்றையும் கொட்டினார். மெஷின், வக்கீல், விண்ணப்பம். விண்ணப்பம் எப்போதோ வெளியாகிவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். இப்போது எங்கள் அலுவலகம் அனுப்பிய இந்தக் கருத்துரை. வக்கீல் திங்கட்கிழமை பேசலாம் என்றாராம். அதுவரை இவருக்குப் பொறுக்கவில்லை.

"புதுமை இல்லயாம். இது எனக்கே சொந்தம்னு கேட்ட மொதல் கோரிக்க அடிபட்டுப் போச்சாம். எவனோ என் ஐடியாவ திருடி எனக்கு முன்னாடியே வீடியோ போட்டிருக்கான். அதுவும் எங்க தெரியுமா? ஒரு சமையல் பக்கத்துல! முடிவெட்டுற மெஷினுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்?"

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எந்தச் சமையல் பக்கம்ணே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்துப் பக்கத்தின் பெயரைப் படித்தார். படித்து முடித்ததும் அப்படியே நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். அவள் மீன் குழம்பு போடும்போதெல்லாம் அதற்கு லைக் போடுகிறவர் அவர்.

ஊரடங்குக் காலத்தில் தினமும் ஏதாவது போட வேண்டும் என்று அவள் அதை ஆரம்பித்திருந்தாள். போனை எடுத்துக் கீழே கீழே தள்ளினாள். அன்னாசி டார்ட்டுக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் நடுவில் அது இருந்தது. கீழே வரிசையாக ஆங்கிலத்தில் அடையாளச் சொற்கள் வேறு: வீட்டிலேயே சலூன், தானியங்கிக் கிளிப்பர் என்று யார் தேடினாலும் கிடைக்கும்படி. அவள் விரல் பட்டதும் அது ஓட ஆரம்பித்தது.

"மாப்ள, தல ஒரு பில்டிங்னு வச்சுக்கங்க..."

ஹாலில் மூன்று பேரும் கடைசிவரை கேட்டோம். சின்ன வீல், குட்டி மோட்டார், சீப்பு, ஒன்றுவிடாமல். ஒரு வழக்கறிஞருக்கு அத்தனை பக்கம் தேவைப்பட்டதை அவர் நின்றவாக்கிலேயே விளக்கியிருந்தார். வேறு யாரிடம் கோப்பு போயிருந்தாலும், படத்தில் ஒருவனுக்கு முடிவெட்டுகிறார்கள் என்பது தெரிந்திருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்காது. தமிழ் தெரிந்தவரிடம் போனதால் மச்சானின் வாயே சாட்சியாகிவிட்டது. கடைசியில் என் அலறலும் கேட்டது.

"என் ஐடியாவ நானேதான் திருடிட்டேனா?" என்றார் மச்சான்.

"இப்பவே அழிச்சிடுறேண்ணே." மனைவி திரையில் அழிக்கும் பொத்தானைத் தேடினாள்.

நான் வாயைத் திறந்து மூடினேன். மச்சான் பார்த்துவிட்டார். "சொல்லுங்க. அதயாவது சொல்லுங்க."

"பொதுவா சொல்றேன் மச்சான். ஒரு தடவ வெளிய வந்தது வந்ததுதான். அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. கண்டுபிடிச்சவரே வெளிய சொல்லிட்டா, ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பம் போட்டாச் சட்டம் மன்னிக்கும். அதத் தாண்டிட்டா மன்னிக்காது."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "டைல்ஸ்," என்றார். சமையலறை முடியட்டும், பிறகு வக்கீலைப் பார்க்கலாம் என்று காத்திருந்தாராம். பச்சை கிடைக்கும்வரை.

புதுமை இல்லை என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதை வாங்கிக்கொள்கிறவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று பார்த்ததில்லை. முழங்காலில் கையை ஊன்றி, கண்ணாடியைக் கழற்றாமல், ஆறிப்போன தேநீரின் மேல் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரை அடுத்த தெருவரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது எங்கள் லிஃப்ட் கதவு மூடத் தாமதித்ததும், "சென்சார் அழுக்கு," என்றார்.

அதன்பிறகு கொஞ்ச காலம் அவர் தங்கையோடு பேசவில்லை. அண்ணியோடும் அளவாகத்தான் பேசினார் என்று கேள்வி. என்னிடம் மட்டும் மரியாதை கூடிவிட்டது. அந்த வீடியோவில் நஷ்டப்பட்ட இன்னொருவன் நான்தான் என்று தோன்றியிருக்கலாம்.

வக்கீல் கெட்டிக்காரர். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், சின்னக் கோரிக்கை ஒன்று இருந்தது. மெஷினின் ஓரத்தில் வில் போல வளைந்த ஒரு தடுப்பு. அது காதில் பட்டதும் மோட்டார் தானாக நின்று, வெட்டும் பல் உள்ளே போய்விடும், லிஃப்ட் கதவு கையில் பட்டதும் விலகுவதைப் போல. அந்த வீடியோவில் அது இல்லை. இல்லை என்பதற்குத்தான் அதில் அவ்வளவு சத்தமான ஆதாரம் இருந்ததே. வக்கீல் பெரிய கோரிக்கையைக் கைவிட்டு, அந்தக் காதுத் தடுப்பை முன்னே கொண்டுவந்து வைத்தார். உலகத்தில் வேறு எங்கும் அப்படி ஒன்று இல்லை என்று ஆயிற்று. காப்புரிமை கிடைத்துவிட்டது.

எனக்கு மச்சான் போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் தெரியும். மறுநாள் அலுவலகத்தில் தேநீர் எடுக்குமிடத்தில் அந்தச் சகஊழியர் நின்றிருந்தார். கோப்பை மூடியாயிற்று, இனிப் பேசினால் தப்பில்லை. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் தமிழில் கேட்டார்:

"உங்கட காது இப்ப சுகமா?"

"சுகம்," என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மச்சான் முடிவெட்டும் மெஷின் செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசியில், வெளியான காப்புரிமையைப் பார்த்துவிட்டு ஒரே ஒருவர் கூப்பிட்டார்: தஞ்சோங் பகாரில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெண்மணி. அவருடைய தம்பி செல்லப்பிராணிகளுக்கான மெஷின்களைச் செய்து விற்கிறவர். நாய் அசையும், காது தொங்கும், மெஷின் காதை வெட்டிவிடும் என்பதுதான் அவர்களுக்கு எப்போதும் பயமாம். சில மாதங்களில் முதல் மெஷின் தயாராகிவிட்டது.

அதைப் பார்க்க வரச் சொல்லி எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். மச்சான் சலவைச் சட்டை போட்டு, விபூதி வைத்துக்கொண்டு வந்திருந்தார். தங்கையோடு ராசியாகிவிட்டிருந்தார். கடைக்குள் ஒரு வெள்ளைப் பூடில் மேசைமேல் நின்றது. மச்சான் வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க மச்சான்."

"பரவால்ல, இங்கேருந்தே தெரியுது."

"சின்ன நாய்தான்."

"சின்னதுதான் கடிக்கும் லா," என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றார். அவருக்கு நாய் என்றால் பயம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கடைக்காரப் பெண்மணி கையாட்டிக் கூப்பிட்டார். இவர் கையாட்டி மறுத்தார். நாங்கள் உள்ளே நின்று பார்த்தோம். மெஷின் நாயின் கழுத்தில் ஏறி, தடுப்பு காதில் பட்டதும் நின்றது. நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைவிட ஆயிரம் மடங்கு அடக்கமாக இருந்தது. மனைவி கை தட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் மச்சான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கடைக்கா, நாய்க்கா, சாமிக்கா தெரியவில்லை.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. வழியில் ஒரு கோப்பிக்கடையில் எங்கள் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தேத்தாரே, வாங்கிக் கொடுத்தார். தன் கிளாஸைப் பாதி குடித்துவிட்டு யோசனையில் நிறுத்தினார்.

"மாப்ள, பூனைக்குக் காது நேரா நிக்கும்ல? அதுக்கு இந்த வளைவு சரிப்படாது. வேற மாதிரி பண்ணணும்." என் பக்கம் சாய்ந்தார். "எப்படின்னா..."

"மச்சான்," என்றேன், "வக்கீல்கிட்ட மொதல்ல சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் வாயை இறுக மூடிக்கொண்டு மீதித் தேநீரைக் குடித்தார். நான் தோளில் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.